சங்கரா செதில்

காட்பாடியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினாராம்
தெர்மகோல் பெட்டியை இறக்கிய ஆட்டோக்காரர்.
"ஆஸ்பத்திரி சரக்கா இது?
மீன் மார்க்கெட்ல எறக்க வேண்டியது மேடம்."
கையெழுத்துப் போட்டேன்.
இறால் ஓடு, பன்னிரண்டு கிலோ, காசிமேடு.
அரக்கோணத்திலேயே ஐஸ் தண்ணீராகியிருந்தது.

அமிலத்தில் சுண்ணாம்பு நுரைத்துப் போகும்.
காரத்தில் கொதிக்கக் கொதிக்கச் சதை போகும்,
நாற்றம் போகும், கடல் போகும்.
அவல் போல வெளுத்த சில்லு மிஞ்சும்.
கரைத்து, உறையவைத்து,
பனியை மட்டும் உருவிவிட்டால் ஒரு பஞ்சு.
வீட்டில் கேட்டால் ஆப்பத்தின் நடுப்பாகம் என்பேன்.
துளையில்தான் விஷயம்.
அதற்குள் போய்க் குடியேற வேண்டும்
தொடையில் அரிசியளவு கிள்ளி எடுத்து
நாங்கள் வளர்த்து வைத்திருக்கும் செல்கள்.

மூன்று வாரம் ஆனது அதற்கு.
ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில்
இடது கையால் கோணலாக எழுதியிருந்தார் ஏசுபாதம்:
இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும்.

டாக்டர் பூவராகன் என்னைப் பார்த்தார்.
நான் பஞ்சைப் பார்த்தேன்.
ஆபத்து குறைவுதான், இருந்தாலும் வேண்டாம் என்றார்.

ஏசுபாதம், வயது முப்பத்தெட்டு,
ராணிப்பேட்டையில் டிரம் ஆபரேட்டர்.
தோலை ஊறப்போடும் அமில கேன் வழுக்கியதில்
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
அவருடைய தோல் ஊறிவிட்டது.

அடுத்து வந்தது வடகடல் மீனின் கொலாஜன்.
விலையைச் சொன்னால் என் சம்பளம் வெட்கப்படும்.
பனிக்கடியில் நீந்திய ஜீவன்,
சித்திரை மாதத்து வேலூரை
அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி இருமி
நின்ற நாற்பது நிமிடம்.
மூடியைத் திறந்தால் தட்டு நிறைய ரசம்.

வெயில் பழகிய மீனாகப் பார்க்கலாம் என்றேன், கோபத்தில்.

மார்க்கெட்டில் சங்கராவை உரசிக்கொண்டிருந்த பெண்மணியிடம்
செதில் மட்டும் போதும் என்று கேட்டேன்.
கத்தி நின்றது.
"மீன் வாணாமா? பூனைக்கா?"
"ஒரு கைக்கு."
மேலே எதுவும் கேட்காமல்
கேரி பேக்கில் அள்ளிப் போட்டார், ரோஜா நிறமாக மினுங்கிற்று.
காசு வாங்கவில்லை.

கட்டுப் போடும் அன்று ஏசுபாதம் அதை
விரல் நுனியில் தொட்டுப் பார்த்தார்,
வெள்ளைத் தோலின் தடிமனைத் தொழிற்சாலையில் பார்ப்பதுபோல.
"இன்னாத்துல பதம் போட்டீங்க? குரோமா?"
"குரோம் கிடையாது."
"அப்ப அழுகிடுமே."
"அழுகணும். கொஞ்சம் கொஞ்சமா."
வெகுநேரம் பேசவில்லை.
"பதினாறு வருஷமா மேடம்,
தோல் அழுகாம இருக்கத்தான் எனக்குக் கூலி."

சீக்கிரம் கரைந்தால் செல்கள் நடுத்தெருவில்.
தாமதித்தால் உடம்பு அதை அந்நியன் என்று
சுற்றிலும் மதில் எழுப்பிவிடும்.
இவற்றுக்கு நடுவே உள்ள சில நாட்களுக்காக
இரவெல்லாம் விளக்கெரிகிறது எங்கள் அறையில்.
மீன் ஒவ்வொரு நூலாக இடத்தைக் காலிசெய்ய,
அந்தந்த இடத்தில் ஏசுபாதம்
தன் நூலைக் கோத்துக்கொண்டு வர வேண்டும்.

இருபத்தோராம் நாள் கட்டைப் பிரித்தோம்.
மணிக்கட்டுப் பக்கம் ஒரு ரூபாய் அளவு பிடிக்கவில்லை.
மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பு.
முகர்ந்து பார்த்தார்.
"மீன் எங்க போச்சு?"
"நீங்கதான் தின்னுட்டீங்க."
முதல்முறையாகச் சிரித்தார், சங்கரா தனக்கு ஒத்துக்கும் என்றார்.

வைகாசியில் மறுபடி வந்தார்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் பழுதாகி
அனல் பறக்கும் மணலைப் பார்த்தபடி
ஒரு மணி நேரம் நின்றாராம்.
சட்டை, கழுத்து, இடது கை எல்லாம் நனைந்திருந்தன.
வலது முன்கையில் நாங்கள் போட்ட இடம் மட்டும்
காய்ந்து, வழவழவென்று, ரோமமின்றி.
"பாருங்க, இங்க மட்டும் வேர்க்கவே இல்ல."
குறை சொல்கிறாரா, பெருமைப்படுகிறாரா,
எனக்குப் பிடிபடவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வியர்வைச் சுரப்பி, இன்னும் இல்லை.